கிராணியார் இறங்கவிடாத விமானம்

தியாகராசாக் கிராணியாரிடம் பேசுவதற்கு எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு காரணம் இருந்ததில்லை. பகை என்று நினைத்துவிடாதீர்கள். பகை இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டுவதற்காவது யாராவது அவர் மாடிப்படி ஏறியிருப்பார்கள்.

மலாய் நாட்டின் தெற்குக் கோடியில் எங்கள் தெருவுக்கு பஃபலோ ரோடு என்று பலகை எழுதி நட்டிருக்கிறார்கள். பலகையில் பொய் இல்லை. மாடு வளர்ப்பவர்கள், மாட்டுத் தரகு பேசுபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், புல் அறுப்பவர்கள், இவர்களோடு இவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் அறிவுள்ள மாடுகள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே, அஹமது கபீர் நானாவின் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறையில், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டுடன் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் குடியிருந்தார். காலையில் குடையோடு இறங்குவார், மாலையில் குடையோடு ஏறுவார். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் கடைகளின் முன்னால் கூரை போட்டு ஓடும் அஞ்சடியில் ஒதுங்கி நிற்பார். குடை நனைந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

அவருடைய ஆட்களில் பாதிப்பேர் காத்தோங் பக்கம், கடற்காற்றில் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். இவர் மட்டும் ஏன் சாண வாசனைக்கு வாடகை கொடுத்தார்? ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம் என்பது அவர் சொன்ன காரணம். காத்தோங்கில் வீட்டுக்கு வீடு மனைவிமார் இருந்தார்கள் என்பது நாங்கள் கண்டுபிடித்த காரணம்.

ஸ்டேஷன் என்றால் டேங்க் ரோடு ரயில் ஸ்டேஷன். அங்கே அவர் தந்தி மேசைக் குமாஸ்தா; குமாஸ்தாவைத்தான் இங்கே கிராணி என்போம். அந்த வேலையின் சட்டம் எனக்கே புரியும்படி அவ்வளவு எளிது. ஒரு ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பினால் 'புறப்பட்டது' என்று தந்தி வரும். அடுத்த ஸ்டேஷனை அது அடைந்ததும் 'வந்து சேர்ந்தது' என்று இன்னொரு தந்தி வரும். அந்த இரண்டாவது தந்தி வரும்வரை பின்னால் நிற்கும் வண்டிக்குப் 'போகலாம்' என்ற லைன் கிளியர் கிடையாது, கிராணியாருக்கு வீடு கிடையாது. பசித்தாலும் எழுந்திருக்கக் கூடாது. அப்படி உட்கார்ந்தே அவர் தலை நரைத்தது.

அறையில் அவருக்கு இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் பிரம்பு குழிந்து அவருடைய உருவமே அச்சாகிவிட்டது. இன்னொன்று கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே விறைப்பாக இருந்தது. அவருக்குப் பால் ஊற்றும் முத்தாயி எனக்கு அத்தை முறை. ஒருநாள் அவள் கேட்டே விட்டாள்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு நாக்காலி? ஒன்னு கால் நீட்டுறதுக்கா?"

"ஓம்" என்றார் கிராணியார்.

அவர் கால் நீட்டி அத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்படியே போயிருக்கும். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை தொடங்கி இரண்டாவது வருஷம் ஒரு சங்கதி நடந்தது. மலாய் நாட்டிலிருந்த யாழ்ப்பாணத்தார் எல்லாரும் சேர்ந்து, வெள்ளைக்கார ராஜாவின் படைக்கு ஓர் ஆகாய விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் சேர்ந்து வாங்கியதிலேயே பெரியது ஒரு கோயில் மணி. அதற்கும் நாக்கு இன்னும் வரவில்லை. அவர்களோ விமானம் வாங்கி, அதன் விலாவில் யாழ்ப்பாணம் என்று இங்கிலீஷில் எழுதச் சொல்லியும் விட்டார்கள். கிராணியாரும் தம் பங்கைக் கொடுத்தார். எவ்வளவு கொடுத்தோம் என்று ஊரெல்லாம் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை. கோவிந்தசாமியின் சவரக்கடையில் கிராணியார் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கட ஏரோப்பிளேன் வாற கிழமை வெளிக்கிடுது."

கடையிலிருந்தவர்கள் கோவிந்தசாமியைப் பார்த்தார்கள். கோவிந்தசாமி தன் கத்தியைப் பார்த்தார். கேட்காமல் கிராணியார் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"என்னங்கய்யா சொன்னீங்க?"

"நாங்கள் குடுத்த ஏரோப்பிளேன். இங்கிலாந்திலை ஃபார்ன்பரோ எண்ட ஊரிலையிருந்து பிரான்சிலை செயின்ட் ஓமர் எண்ட ஊருக்குப் போகப் போகுது. இரண்டு இடத்திலையும் ஏறி இறங்கத் திடல் இருக்கு."

"எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

"நூற்று முப்பது மைல் சொச்சம். ஜோகூரிலையிருந்து கிம்மாஸ் மட்டும் ரயில் போற தூரம் எண்டு வையுங்கோ. நடுவிலை ஒரு கடல் கிடக்கு."

"கடலு வேறயா! அப்ப போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?"

இதற்குப் பதில் கிராணியாருக்குத் தெரியும். இங்கிலீஷ் பேப்பரில் போட்டிருந்தது. காற்று குறுக்கே நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எந்த வண்டி எப்போது வரும் என்று யார் கேட்டாலும் நிமிஷம் பிசகாமல் சொல்லிப் பழகிய மனிதர். சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தார். கடையிலிருந்த முகங்கள் அத்தனையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. தலை பாதி மழித்த வண்டிக்காரன் ஒருவன் கழுத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டால் அத்தனை முகங்களும் ஓகோ என்று திரும்பிக்கொள்ளும். அதைப் பிற்பாடு அவரே அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

"அது சட்டெண்டு சொல்ல ஏலாது" என்றார். "முதல்லை லைன் கிளியர் கிடைக்க வேணும்."

அடுத்த வாரம் ஒரு மாலை மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கபீர் நானாதான். கையில் ஒரு தீப்பெட்டி, கிராணியார் கேட்காத தீப்பெட்டி.

"உங்க பிளேனு கிளம்பிருச்சா கிராணியாரே? கடைக்கு வர்றவன் பூரா கேக்குறான். கீழ இருந்து நான் என்னத்தச் சொல்ல?"

இப்படிச் சொல்லிக்கொண்டே விறைப்பான நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிறீச் என்றது. கிராணியார் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தார். நீட்டின கையால் விளக்குத் திரியைத் தூண்டினார்.

"கிளம்பிட்டுது" என்றார். "ஆனால் மூடுபனி. திரும்பிப் போட்டுது."

அதற்குப் பிறகு கோவிந்தசாமி கடையைச் சாத்திவிட்டு வர ஆரம்பித்தார். வண்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலி கபீர் நானாவுக்கு, மற்றவர்களுக்குப் பாய். முத்தாயி அத்தை மட்டும் உள்ளே வரமாட்டாள். மாலைப் பால் கொண்டுவரும்போது வாசற்படியில் நின்று ஒரே கேள்வி கேட்பாள்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்லை, பிள்ளை."

"வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். ஏதோ விமானம் அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியது போல.

அவள் அப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் மாமா, அவள் புருஷன், தெலுக் ஆன்சன் பக்கம் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று ஒரு தீபாவளிக்கு மறுநாள் ரயில் ஏறினார். கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம். அத்தையும் பேசமாட்டாள்.

முதல் வாரம் மூடுபனியில் போனது. இரண்டாவது வாரம் எதிர்க்காற்று. மூன்றாவது வாரம் கோவிந்தசாமிக்கே ஒரு சந்தேகம் வந்து கிராணியாரின் வேலையைச் சுலபமாக்கியது.

"ஐயா, அவங்க ராகுகாலம் பாப்பாங்களா?"

"வெள்ளைக்காரன் எங்கை பாக்கப் போறான்? ஆனால் பேர் எங்கட பேர். பாக்கத்தான் வேணும்."

"அப்ப இங்க உள்ள ராகுகாலமா, அங்க உள்ள ராகுகாலமா?"

சூரியன் இங்கே முதலில் எழும்புகிறான். அங்கே ராகு வரும்போது இங்கே ராகு போய்ச் சாயங்காலமாகிவிடும். பணம் கொடுத்த ஊரின் ராகுவைப் பார்ப்பதா, பறக்கிற ஊரின் ராகுவைப் பார்ப்பதா? மூன்று மாலைகள் இதிலேயே கழிந்தன. கபீர் நானாவுக்கு ராகுவிடம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வாதத்தில் அதிகம் வியர்த்தவர் அவர்தான். கடைசியில் இரண்டு ராகுவும் இல்லாத நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்று முடிவாயிற்று. ஃபார்ன்பரோவில் இருந்தவர்களுக்கு அது தெரியாமல் போனது அவர்கள் துரதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமைகளில் கிராணியார் டிராம் ஏறி கேலாங் போய், அங்கிருந்து நடந்து காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். முன்பெல்லாம் தூண் ஓரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். இப்போது அங்கேயும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருநாள் அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள் கேட்டார்:

"ஆற்றை பேரிலை?"

"ஏரோப்பிளேன் பேரிலை."

"நட்சத்திரம்?"

யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். தொழிற்சாலையில் மூக்கைப் பூட்டின நாளைப் பிறந்தநாளாக எடுப்பதா, சக்கரம் பூட்டின நாளையா என்று தகராறு வந்தது.

"அவிட்டம் எண்டு போடுங்கோ ஐயா" என்றார் கிராணியார் மெல்ல. அது அவர் மனைவியின் நட்சத்திரம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இனி நான் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் ஃபேரர் பார்க்கில், குதிரைப் பந்தயத் திடலில் ஒரு வெள்ளைக்காரன் ஏரோப்பிளேன் ஓட்டிக் காட்டினான். வேலிக்கு வெளியே மரத்திலிருந்து நான் பார்த்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரன் சுருட்டுப் பற்றவைத்து முடிப்பதற்குள் அது திடலைச் சுற்றிவிட்டு வந்து நின்றது. அந்த வேகத்துக்கு நூற்று முப்பது மைல் என்பது, நடுவில் டீ குடிக்க இறங்கினாலும், ஒரு பகல் வேலை. ஐந்தாம் வகுப்போடு என்னை வெளியே அனுப்பிய வாத்தியார்கூட அந்தக் கணக்கில் எனக்கு மார்க் போட்டிருப்பார். என்னோடு மரத்திலிருந்த வடிவேலுவும் அதே கணக்கைப் போட்டிருந்தான். ஒருநாள் மாலை படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, "ஆனா அன்னிக்கு அந்தத் திடல்ல..." என்று ஆரம்பித்தான். அவன் கால் கட்டைவிரலை நன்றாக மிதித்தேன்.

"ஏண்டா மிதிச்ச?"

"எறும்புலா."

எதையும் கெடுப்பது என் தொழில் என்று தெரு முழுக்கத் தெரியும். இதை மட்டும் கெடுக்கவில்லை. காரணம் கேட்காதீர்கள். அன்றைக்குக் கபீர் நானா எல்லாருக்கும் கடலை கொடுத்தார், வாய் நிறைய இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தை ரொம்ப நாள் தாங்கிப் பிடித்தது கிராணியார்கூட இல்லை, கோவிந்தசாமிதான்.

"கடலத் தாண்டிப் போவுதே, கரையில எறங்குனதும் தீவுல புடிச்சு வைக்க மாட்டானா?"

நம்மவர்கள் எல்லாரும் இந்த ஊருக்கு வந்தது அப்படித்தான். கப்பலில் மூன்றாம் வகுப்பில் வந்தால் நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். எதிரே தெரியும் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்துத் தண்ணீரில் முக்கி, துணியை ஆவியில் வேகவைத்து, அவர்களுக்கே அலுத்த பிறகுதான் படகேற்றுவார்கள். கடல் தாண்டிய எதற்கும் இந்தச் சடங்கு உண்டு என்பதில் அந்த அறையில் இருந்த யாருக்கும் சந்தேகம் இல்லை.

கிராணியார் கோவிந்தசாமியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "பிடிச்சுத்தான் வைப்பினம்."

அந்த மாலையிலிருந்து விமானத்தைப் பற்றிய பேச்சு குறைந்து, தீவைப் பற்றிய பேச்சு கூடியது. கபீர் நானா தம் சோற்றுப்பானை உடைந்த கதையைச் சொன்னார். கோவிந்தசாமி சட்டைக் கதை சொன்னார்.

"நல்ல சட்டைங்க. கல்யாணச் சட்டை. ஆவியில வச்சு எடுத்தான் பாருங்க, ஒரு சின்னப் பையன் போடுற அளவுக்குச் சுருங்கிப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பறம் பாத்தா அது எம்மவன் அளவு. ஊர்ல விட்டுட்டு வந்தேன்ல, அவன் அளவு."

"இப்ப மகனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் கிராணியார்.

"அந்தச் சட்டை பத்தாதுங்க."

பிறகு கிராணியார், யாரும் கேட்காமலே, பேசினார்.

"என்ரை மனிசி, கமலாம்பிகை. இஞ்சை வாறதெண்டு வெளிக்கிட்டவ. தமையன் கொழும்பு மட்டும் கூட்டிக்கொண்டு வந்து, 'புறப்பட்டாச்சு' எண்டு தந்தி அடிச்சார். தந்தி கிடைச்ச அண்டைக்குத்தான் போய் உந்த நாற்காலியை வாங்கினனான். கொழும்பிலை கப்பலுக்குக் காத்திருக்கேக்கை காய்ச்சல் வந்திட்டுது. வந்து சேரேல்லை."

கபீர் நானா தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்கோ, இருங்கோ" என்றார் கிராணியார். "இருக்கத்தானே நாற்காலி."

அதை அவர் யாரிடமாவது சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கீழே மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கிராணியார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து, செயின்ட் ஓமர் பக்கம் நல்ல மழை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

ஜெயரத்தினம் என்ற இளைஞர் வந்தது அதற்கு அடுத்த வாரம். காத்தோங்காரர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். விமானம் போய்ச் சேர்ந்ததைக் கொண்டாட ஒரு தேநீர் விருந்து வைக்க வேண்டும், தேதி குறிக்க வேண்டும், கிராணியாரைத்தான் கேட்க வேண்டும் என்று யாரோ பெரியவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லாக் கஷ்டமும் நல்ல மனிதர்களால்தான் வருகிறது.

"அண்ணை, எங்கட பிளேன் இன்னும் சேரேல்லை எண்டு கோயிலிலை சொல்லினம். ஆர் அப்பிடிச் சொன்னது?"

அறையில் இருந்த அத்தனை பேரும் கிராணியாரைப் பார்த்தார்கள், அன்றைக்குச் சவரக்கடைக் கண்ணாடியில் பார்த்தது போலவே.

"அது எப்பவோ போய்ச் சேர்ந்திட்டுது" என்றார் ஜெயரத்தினம், சந்தோஷச் செய்தி சொல்கிறவர் போல. "வெளிக்கிட்ட அண்டைக்கே. உது என்ன தூரம்? காலைச் சாப்பாடு சாப்பிட்டிட்டு ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் இறங்கலாம். இரண்டு மணித்தியாலம்கூட இல்லை."

"அப்ப தீவு?" என்றார் கோவிந்தசாமி.

"எந்தத் தீவு?"

முதலில் சிரித்தது கபீர் நானா. கெட்ட சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அது வண்டிக்காரர்களுக்குத் தொற்றியது. கோவிந்தசாமி கடைசியாக, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"யா அல்லா! கிராணியாரே, ரெண்டு மணி நேரத்து வண்டிய ரெண்டு மாசமா ஓட்டியிருக்கீங்களே! உங்க கையில ரயிலக் குடுத்தா நாங்கல்லாம் ஜோகூர் போறதுக்குள்ள பேரன் எடுத்துருவோம்!"

"ராகுகாலத்துக்கு மூணு நாள் சண்ட போட்டோமய்யா!" என்றார் கோவிந்தசாமி.

கிராணியார் மறுக்கவில்லை. "ஓம் தம்பி" என்றார் ஜெயரத்தினத்திடம். "இரண்டு மணித்தியாலம்தான். எனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி இரண்டு சொல் யாருக்காவது காதில் விழுந்ததோ தெரியவில்லை. வாசற்படியில் நின்ற முத்தாயி அத்தைக்கு விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. பாலை ஊற்றிவிட்டு, அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இறங்கிப் போனாள்.

யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டைபோட வருவார்கள், சமாதானம் சொல்ல வருவார்கள், சமாதானத்துக்குப் பிறகும் இரண்டு நாள் வருவார்கள். இவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். சிரித்து முடிந்ததைத் திரும்பச் சிரிக்க யார் படியேறுவார்கள்? தெருவில் பார்த்தால், "என்னங்கய்யா, லைன் கிளியர் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்கள். கபீர் நானாவுக்குக் கடையில் சரக்கு வந்து குவிந்துவிட்டது. கோவிந்தசாமிக்குத் திடீரென்று சாயங்காலத்தில் தலைகள் கூடிவிட்டன. எல்லாம் உண்மையான வேலைகள்தான். முன்னேயும் இருந்த வேலைகள்தான்.

தேநீர் விருந்து நடந்தது. கிராணியாருக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. ஆனால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காத்தோங் கோயிலுக்குப் போனார். தேங்காய் உடைத்தார். கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாரிடமும், ஸ்டேஷனில் சொல்கிற அதே குரலில், "வந்து சேர்ந்தது" என்று சொன்னார். ஒரு தூண் விடாமல் சொன்னாராம். பிறகு கடல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேலாங் வரை நடந்து டிராம் ஏறினார்.

அறைக்கு வந்ததும் இரண்டாவது நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அது மூலையில், வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி நின்றது. அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று மாலை பால் நேரம் கழித்துத்தான் வந்தது. ஒரு பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஃபேரர் பார்க் பக்கம் ஓடிவிட்டது. அத்தை அதைப் பிடித்துக் கட்டி, கறந்து, மூச்சு வாங்கப் படியேறினாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. இதற்குப் பிறகு நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

"ஐயா, சேந்துருச்சாம்ல?"

"ஓம், பிள்ளை. சேர்ந்திட்டுது."

"சரி. திரும்பி எப்ப வரும்?"

கிராணியார் நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பி வாறதெண்டால்?"

"போன வண்டி வரணும்ல? நீங்கதான ரயில்ல இருக்கீங்க. போறது ஒரு வண்டி, வர்றது ஒரு வண்டி. இது எப்ப வரும்?"

அவருக்கு ஒரு சொல் போதும். லைன் கிளியர் கிடைக்க வேண்டும் என்று சொன்னால் போதும். மூடுபனி இருக்கிறது, ராகுகாலம் இருக்கிறது, இந்தப் பக்கத்துத் தீவு இருக்கிறது. சண்டை முடியும்வரை, அதற்கு அப்புறமும்கூட, படியில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தமுறை எந்த உபாத்தியாயரும் வந்து கெடுக்க முடியாது, ஏனென்றால் இந்தமுறை பதில் எந்தப் பேப்பரிலும் இல்லை.

அவர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார் என்று அத்தை சொன்னாள்.

"தெரியாது, பிள்ளை" என்றார். "இது மெய். சண்டைக்குப் போனது. எப்ப வரும் எண்டும் தெரியாது, வருமோ எண்டும் தெரியாது. ஒரு தந்தியும் வரேல்லை."

அத்தை தலையை ஆட்டினாள்.

"எனக்கும் வரல" என்றாள்.

மாமாவைப் பற்றி அவள் வெளியே பேசியது எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

கூந்தலை முடிய அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பால் செம்பைத் தரையில் வைத்தால் எறும்பு வரும். சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசற்படியைத் தாண்டி முதல் தடவையாக உள்ளே வந்தாள், மூலையிலிருந்த நாற்காலியைச் சரட்டென்று இழுத்து நடுவில் போட்டாள், அதன்மேல் செம்பை வைத்தாள். அவள் நின்றபடியே கூந்தலை முடிந்துகொண்டாள்.

"தெரியாட்டி என்னங்கய்யா? நாளைக்கு வந்து கேக்குறேன். தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"நாளைக்கோ?"

"ஏன், நாளைக்கு லைன் கிளியர் இல்லையா?"

கிராணியார் சிரித்தார் என்கிறாள் அத்தை. அவள் சொல்வதில் நான் பாதியைத்தான் நம்புவேன், அவளும் என்னை அப்படித்தான். ஆனால் மறுநாள் சாயங்காலம் நான் கபீர் நானா கடை முன்னால் அஞ்சடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே, கிராணியார் அறையின் பலகைத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இழுபட்டது, நின்றது, சரியாக இல்லையோ என்னவோ, மறுபடியும் கொஞ்சம் இழுபட்டது.

எதிரே கொட்டகையில் அத்தை இன்னும் கறந்து முடிக்கவில்லை.